சாடியும் போத்தலும்

வழைச்சு என்பது ஒரு பழஞ்சொல். இளமை, பச்சைத்தன்மை என்பது அதன் பொருள். இச்சொல் இன்று நம்மவர் வாயில் இல்லை. மாணாக்கர் குறிப்பேட்டிலும் இல்லை. பெரும்பாணாற்றுப்படை பாடஞ் சொல்லும் ஆசிரியர்களும் இச்சொல் வருமிடத்தைச் சற்றே விரைந்து கடந்து விடுவார்கள். காரணம் வேறொன்றுமன்று. அது கள் விளைவிக்கும் முறையைச் சொல்லும் இடம்.

கள்ளுண்ணாமை அதிகாரத்தை முதற் பாடவேளையில் ஓதுவித்த வாயினாலே, கள் விளையும் முறையை அடுத்த பாடவேளையில் எங்ஙனம் விளக்குவது என்று ஒரு கூச்சம். கூச்சம் நல்லதே. ஆயினும் உண்ணல் வேறு, அறிதல் வேறு. நஞ்சின் இயல்பை ஆராயும் மருத்துவனை நஞ்சுண்டான் என்று எவரும் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்திலே கள்ளை வாயில் வையாத வீடுகளிலும் அப்பத்துக்கு மாப் புளிக்க வைக்கும்போது பனங்கள் வந்து சேர்ந்ததுண்டு. அது எந்த வழியாக அடுக்களைக்குள் வந்தது என்று அவ்வீட்டுப் பெரியவர்கள் விசாரித்ததில்லை.

பெரும்பாணாற்றுப்படை கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது; ஐந்நூறு அடிகளையுடையது; தொண்டைமான் இளந்திரையனிடத்துப் பாணனை ஆற்றுப்படுத்துவது. காஞ்சிக்குச் செல்லும் வழியில் வலைஞர் குடியிருப்பொன்று வருகின்றது. அங்கே பாணனுக்குக் கிடைக்கப்போகும் விருந்தைச் சொல்லும்போது, அவ்விருந்திலே வார்க்கப்படும் கள் எவ்வாறு ஆயிற்று என்பதையும் புலவர் சொல்கின்றார். அவர் சொல்லும் வரிசை இது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக அடுகின்றார்கள். வாயகன்ற பிழாவிலே அதனை இட்டு உலர ஆற்றுகின்றார்கள். புற்றாஞ்சோறு போலத் தோன்றும் நல்லடையை அதனோடு கலக்கின்றார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிகின்றன. பின்னர், வலிய வாயையுடைய சாடியிலே வழைச்சு நீங்கும்படி அது முதிர்கின்றது. கடைசியில் வெந்நீர் சேர்த்து விரலால் அலைத்து அரித்துப் பிழிந்தெடுக்கின்றார்கள்.

பிழா என்ற சொல்லைக் கண்டவுடன், ஒடியற்கூழ் குடிக்க நாம் பனையோலையில் மடித்துக் கோலும் பிளா நினைவுக்கு வருதல் இயல்பு. ளகர ழகர ஆராய்ச்சியில் இறங்கினால் இக்கட்டுரை முடியாது. அது நிற்க.

நல்லடை என்பதற்கு முளையின் அடை என்று நச்சினார்க்கினியர் உரை செய்வர். முளைத்த தானியத்தை இடித்துச் சேர்த்தது என்க. இந்த ஒரு சொல்லிலே முழு வித்தையும் அடங்கியிருக்கின்றது. அரிசி மாப்பொருள். மாப்பொருள் நேரே கள்ளாக மாட்டாது. அது முதலில் வெல்லமாக வேண்டும். தானியம் முளைக்கும்போது, தன் குருத்துக்கு உணவாக மாப்பொருளை வெல்லமாக்கும் நொதியம் ஒன்றை அது தன்னுள்ளே பிறப்பிக்கின்றது. அம்முளையை இடித்துக் கூழிலே சேர்த்தால், கூழில் உள்ள மாப்பொருளும் வெல்லமாகும். அவ்வெல்லத்தை மதுவம் என்னும் நுண்ணுயிர் உண்டு, அற்ககோலையும் காபனீரொட்சைட்டு என்னும் வாயுவையும் வெளிவிடும். மேனாட்டார் வாற்கோதுமையை முளைக்கவைத்துப் பியர் ஆக்குவதும் இம்முறையே. தானியம் வேறு, ஹொப்பு என்னும் கசப்புப் பூவை அவர்கள் சேர்ப்பார்கள், நம்மவர் சேர்க்கவில்லை. மற்றைய வகையில் நமது வலைஞர் மனையிலே முதிர்ந்தது பியரே.

புலவர் ‘ஆற்றி’ என்று சொன்னதையும் நோக்குக. கொதிக்கும் கூழிலே முளையை இட்டால் அதன் நொதியம் வெந்து பயனற்றுப் போகும். ஆறிய பின்னரே இடவேண்டும். நொதியம் என்ற சொல்லையும் பொருளையும் அறியாத காலத்தில், செய்யும் கையும் பார்க்கும் கண்ணும் இவ்வுண்மையை அறிந்திருந்தன. புலவர் வெறும் வருணனைக்காகச் சொல்லடுக்கினார் என்று கருதிக் கடந்து போவோர் இவ்விடத்திலே சற்று நிற்கவேண்டும். அச்செய்யுட் பகுதியில் ஒரு சொல்லை எடுத்துவிட்டால் சாடியில் கள் விளையாது.

வீட்டிலே அட்ட கள் பழந்தமிழகத்தில் அரிதன்று. இதே நூலில், ஆநிரை கவர்ந்து வந்த மறவர் உண்ட தோப்பியும் இல்லிலே ஆக்கியதே. நெல்லாற் செய்த கள் என்பர். பெயர்களைக் கவனித்தால் வேறொன்று புலனாகும். அரியல் என்பது அரித்தலால் வந்தது. பிழி என்பது பிழிதலால் வந்தது. தேறல் என்பது தெளிதலால் வந்தது. இவற்றையெல்லாம் ‘கள்’ என்று ஒரே சொல்லாற் பொருளெழுதிவிட்டுப் போவது நிகண்டுக்குப் போதும், வகுப்புக்குப் போதாது. ஒவ்வொரு பெயரும் தொழிலின் ஒவ்வொரு படியைச் சொல்லி நிற்கின்றது. பிழிந்த கள் கலங்கலாயிருக்கும். மதுவம் அடியிலே மண்டியாகப் படிந்த பின், மேலே நிற்பது தெளியும். அதுவே தேறல். தேறலுக்கு நாட் செல்லும். புறநானூற்றிலே ஒளவையார் பல நாட்பட்ட தேறலின் கடுப்புக்குத் தேள் கொட்டுதலை உவமை கூறினார்.

இவற்றை மறுபடி எடுத்துப் படிக்க நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகின்றேன். என்னிடம் படித்த மாணாக்கர் ஒருவர் கனடாவிலே குடியேறியவர். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர் வீட்டுக்கும் வந்தார். சுகம் விசாரித்து முடிந்ததும், “ஐயா, ஒரு விஷயம் கேக்கவேணும், ஏசப்படாது” என்றார்.

“ஏசுவதற்கு நீர் இப்பொழுது என்னுடைய வகுப்பில் இல்லை. கேளும்” என்றேன்.

அந்நாட்டிலே தன் வீட்டுத் தேவைக்குப் பியர் ஆக்குவது குற்றமன்றாம். மாரிகாலத்திலே பொழுதுபோக்காக அதைச் செய்து வருகின்றாராம். “போத்தலிலை அடைக்கிறதுக்கு முந்திக் கொஞ்சம் சீனி சேர்க்கிறனாங்கள் ஐயா. அதுக்குத் தமிழிலை என்ன சொல்லு?” என்பதே அவர் கேள்வி.

சொல் தேடுமுன் பொருளை அறியவேண்டும் அன்றோ? அவரையே விளக்கும்படி கேட்டேன். ஒரு மணி நேரம் விளக்கினார். பள்ளியில் அவர் இத்துணைத் தெளிவாக ஒன்றையும் விளக்கியதாக எனக்கு நினைவில்லை.

பாத்திரத்தில் நொதித்தல் முடிந்த பியரிலே வாயு பெரும்பாலும் வெளியேறிவிடும். அப்படியே ஊற்றினால் நுரையில்லை, சப்பென்றிருக்கும். ஆகவே போத்தலில் அடைக்குமுன் அளவாகச் சிறிது சீனியைச் சேர்ப்பார்கள். தெளிந்தது போலத் தோன்றும் பியரிலும் மதுவம் உயிருடன் இருக்கின்றது. புதிதாக வந்த சீனியை அது உண்ணும், வாயுவை விடும். போத்தலின் வாய் அடைபட்டிருப்பதால் அவ்வாயு வெளியே போக வழியின்றிப் பியரிலே கரைந்து நிற்கும். மூடி திறந்ததும் நுரையாக எழுவது அதுவே. லீற்றர் ஒன்றுக்கு 6 அல்லது 7 கிராம் சீனி போதும். நமது நாட்டுப் போத்தல் 750 மில்லிலீற்றர். அதற்கு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. மாணாக்கர் ஒரு முறைக்கு ஆக்குவது 23 லீற்றர். அதற்கு 150 கிராம் சீனி.

சீனியைச் சிறிது நீரிலே கொதிக்கவைத்து, ஆறவிட்டு, சுத்தமான வேறொரு பாத்திரத்தில் ஊற்றி, அதன்மேற் பியரைக் குழாய் வழியாக மெல்ல இறக்க வேண்டும். சலசலவென்று விழுந்தால் காற்றுக் கலந்து சுவை கெடும். மேலும் சீனி எங்கும் ஒத்துப் பரவ வேண்டும். பரவாவிட்டால் ஒரு போத்தல் ஊமையாயிருக்கும். மற்றொரு போத்தல் வெடிக்கும். ஒவ்வொரு போத்தலிலும் இரண்டு விரலிடை வெறுவெளி விட்டு மூடியிட்டு, இரண்டு வாரம் இருபது பாகைச் சூட்டிலே வைக்கவேண்டும். அதற்குள் பச்சை வாசனை நீங்கிச் சுவை அமையும் என்றார். இளம் பியரை அவர்கள் பச்சைப் பியர் என்றே சொல்வார்களாம். இதைக் கேட்டபோதுதான் வழைச்சு என்ற சொல் நினைவில் எழுந்தது. அவர்கள் பச்சை என்பதை நம் புலவர் வழைச்சு என்றார். அதற்கென்று தனிச்சொல் நம்மிடம் இருந்திருக்கின்றது, கிடந்து துருப்பிடிக்கின்றது.

எல்லாவற்றிலும் முதன்மையான விதி ஒன்று உண்டு. பாத்திரத்திலே நொதித்தல் முற்றாக முடிந்த பின்னரே சீனி சேர்க்கவேண்டும். குமிழி அடங்கியதைக் கொண்டு முடிந்ததென்று தீர்மானித்தலாகாது. நீர்மானியை மிதக்கவிட்டு, இரண்டு மூன்று நாள் அளவு மாறாது நின்றாலே முடிந்தது எனக் கொள்ளலாம். முடியாத பியரிலே எஞ்சிய வெல்லம் எவ்வளவு என்று எவருக்குத் தெரியும்? தெரியாத வெல்லத்தோடு தெரிந்த சீனியையும் சேர்த்து வாயை அடைத்தால், போத்தல் குண்டாகிவிடும்.

இவ்வபாயத்தைப் பிரான்சு தேசத்தார் நெடுங்காலம் அனுபவித்தார்கள். அங்கே ஷாம்பெயின் என்னும் நுரைவைனைப் போத்தலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவிடுவது வழக்கம். ஒரு போத்தல் வெடித்தால் அதன் சில்லுப் பட்டு அடுத்ததும் வெடிக்கும். நிலவறையில் வேலை செய்வோர் முகத்துக்கு இரும்புக் கவசம் அணிந்தே உள்ளே சென்றார்கள். சாலோன் நகரத்து மருந்து வணிகரான பிரான்சுவா என்பவர் 1830களிலே, வைனில் எஞ்சிய வெல்லத்தை அளந்து, அதற்கேற்பச் சேர்க்கவேண்டிய சீனியைக் கணக்கிடும் முறையொன்றை வகுத்தார். அதன் பின்னரே சேதம் குறையத் தொடங்கிற்று. இன்றைய கணக்கில், லீற்றருக்கு 24 கிராம் சீனி குளிர்ந்த நிலவறையிலே வளிமண்டல அமுக்கத்தைப் போல ஆறு மடங்கு அமுக்கத்தைத் தரும். அதனாலேதான் அப்போத்தல் அத்துணைத் தடிப்பு. 1892இல் அமெரிக்கராகிய வில்லியம் பெயின்றர் விளிம்பு மடிந்த தகர மூடிக்குக் காப்புரிமை பெற்றார். போத்தலின் வாய் அன்றுதான் முழு வலிமை பெற்றது எனலாம். உருத்திரங்கண்ணனார் சாடியைச் சொல்லும்போது அதன் வாயை எடுத்துச் சிறப்பித்ததும் காரணமின்றி இராது. மண்சாடி தகர மூடியிட்ட போத்தலளவு வாயுவைத் தாங்காது. ஆயினும் விளையும் கள்ளைக் காற்றுப் புகாது காக்க வாயே முதன்மை என்பது எமது துணிபு.

இனி நமது பனைக்கு வருவோம்.

பியருக்குச் சீனி போதாது, அதனாற் சேர்க்கின்றார்கள். பனங்கள்ளின் சங்கடம் நேர்மாறானது. பாளையிலிருந்து இறங்கும் சாற்றிலே நூற்றுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு பங்கு வெல்லம் உண்டு. ஒரு லீற்றரிலே 120 கிராம். முழுவதும் நொதித்தால் அதிற் பாதி, அதாவது அறுபது கிராம், வாயுவாகும். அவ்வாயுவை விரித்து அளந்தால் முப்பது லீற்றருக்கு மேல் வரும். பியர்ப் போத்தலுக்காகச் சேர்க்கும் சீனி தருவதோ லீற்றருக்கு இரண்டு லீற்றர் வாயுவும் இல்லை. காலையில் இறக்கிய கள்ளை அப்படியே போத்தலில் அடைத்து இறுக மூடியவனுக்கு என்ன நேரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

மேலும், முளை இடிக்கவும் கூழ் அடவும் பனைக்கு வேண்டியதில்லை. வெல்லம் ஆயத்தமாகவே வருகின்றது. மதுவமோ காற்றிலும் முட்டியின் சுவரிலும் காத்திருக்கின்றது. சாறு முட்டியிலே சொட்டும்போதே நொதித்தல் தொடங்கிவிடும். அதை வேண்டாதவர்கள் முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசுவார்கள். அப்போது இறங்குவது கருப்பநீர். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கத்தி. இடையில் நிற்பது ஒரு பூச்சுச் சுண்ணாம்பு. ஒரு பக்கம் பனங்கட்டி, மறுபக்கம் தவறணை.

மதுவத்தோடு வேறு நுண்ணுயிர்களும் வந்து குடியேறுதலே பெரிய இடர். அவை புளிப்பை உண்டாக்கும். காற்றுப்பட விட்டால் கள் காடியாகும். காலையில் இனித்தது மாலையில் கடுத்து மறுநாள் புளித்துப் போகும். சீவற்றொழிலாளியின் துன்பம் இங்கேதான். ஆண்டில் ஏறக்குறைய அரைவாசிக் காலமே பாளை சுரக்கும். சுரக்கும் காலத்திலே எல்லா மரமும் ஒருங்கு சுரக்கும். நாளைக்கு இரு முறை மரமேறி, உயிரைத் தளைநாரிலே கட்டிவைத்து இறக்கியது, அன்றன்றே விலைப்படாவிட்டால் நிலத்திலே ஊற்றப்படும். தச்சன் செய்த பெட்டி ஒரு மாதம் விலைப்படாது கிடந்தாலும் பெட்டியே. குயவன் பானையும் அப்படியே. இறக்கிய கள்ளுக்கு மாத்திரம் மறுநாள் இல்லை. கள்ளை வெறுப்பவர்களும் இத்தொழிலாளியின் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கவேண்டும். மரத்தால் விழுந்து இடுப்பொடிந்தவர் இல்லாத சீவற்றொழிற் கிராமம் குடாநாட்டில் உண்டோ?

அந்த மறுநாளை வாங்கித் தருவதே போத்தலின் வேலை. 1970களில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் தொழிலாளரை ஒன்று சேர்த்தன. 1978இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றிற்று. மிஞ்சிய கள்ளைச் சாராயமாக வடிக்க வடமராட்சியிலே திக்கத்தில் வடிசாலை எழுந்தது. போர் அதனையும் விட்டுவைக்கவில்லை. 2009இல் முடிந்த அப்போரிலே காவலரண் அமைக்கத் தறிபட்ட பனைகளுக்குக் கணக்கேது! இவ்வளவுக்குப் பின்னும் போத்தற் கள் என்பது நிலைத்தது. புலம்பெயர்ந்தோர் வாழும் நாடுகளுக்கும் அது கப்பலேறுகின்றது.

அது அடைக்கப்படும் முறை பியரின் முறையன்று. நொதித்த கள்ளை வடிகட்டி, போத்தலில் இட்டு, சூடேற்றி உள்ளிருக்கும் உயிர்களை மாய்த்துவிடுவர். பாஸ்ரர் 1860களிலே வைனுக்கு வகுத்த வழி இது. போத்தல் வெடியாது, பல மாதம் கெடாது. தொழிலாளிக்கு அது பெரும் பேறு. ஆனால் அப்போத்தலிலே உயிரில்லை. முதிர்தல் இல்லை. அடைத்த நாளில் எப்படியோ, திறக்கும் நாளிலும் அப்படியே. சூடு தந்த வெந்த மணம் வேறு சேர்ந்துவிடும் என்று அறிந்தோர் கூறுவர். நாளைக்கு வைக்கத் தெரிந்துவிட்டது. நாளுக்கு நாள் நன்றாக வைக்க இன்னும் தெரியவில்லை.

பழந்தமிழருக்கு அது தெரிந்திருந்தது என்பதற்கு ஆற்றுப்படைகளும் புறநானூறும் சான்று. பாரியின் பறம்பு நாட்டைப் பாடிய கபிலர், நிலத்திலே புதைத்து முதிர்வித்த தேறலைச் சொல்கின்றார். நிலத்தின் கீழ்ச் சூடு குறைவு. ஏற்ற இறக்கமும் குறைவு. மதுவம் அமைதியாகத் தொழில் செய்யும். பிரான்சு நிலவறையும் இதற்காகவே. திருமுருகாற்றுப்படையிலே கானவர் உண்பதோ மூங்கிலுள் நெடுநாள் இருந்து முதிர்ந்த தேன்கள். மூங்கிலின் இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியைப் போல இயற்கை தந்த போத்தல் வேறெது? கலம் வனைய வேண்டியதில்லை. துளையை அடைத்தாற் போதும். திருமுருகாற்றுப்படை பதினோராந் திருமுறையிற் சேர்ந்தது. நாடோறும் முருகன் சந்நிதியிலே அதனைப் பாராயணம் செய்யும் அன்பர்கள் அம்மூங்கிற் குழாயைக் கடந்தே வீடு திரும்புகின்றார்கள் என்பதை நகைக்காகவன்று, உண்மைக்காகவே சொல்கின்றேன்.

வலைஞர் முறையைப் பனங்கள்ளின் முறையோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தோன்றும். வலைஞர் முதலிற் கூழை அடுப்பிலேற்றினர். அதனால் வேண்டாத உயிர்கள் வெந்தொழிந்தன. பின்னர் ஆற்றினர். அதன் பின்னரே தாம் வேண்டியதைச் சேர்த்தனர். என் மாணாக்கர் கனடாவிற் செய்வதும் வரிசை பிறழாமல் இதுவே. கொதிக்கவைத்தல், ஆற்றல், மதுவம் இடல். பனங்கள் மாத்திரம் அடுப்பைக் காணாமலே நொதிக்கின்றது. அதனாலே அதனை முடிவிலே சூடேற்ற வேண்டியதாகின்றது. சுண்ணாம்பிட்ட கருப்பநீரை முதலிலேயே காய்ச்சி, சுண்ணாம்பைத் தெளியவைத்து நீக்கி, ஆற்றி, நல்ல மதுவத்தை விதைத்து, முற்ற நொதித்த பின் அளவறிந்து ஒரு தேக்கரண்டி சீனியோடு போத்தலில் அடைத்தால் என்ன? முடிவிலே சூடேற்ற வேண்டியிராது. உயிரோடு முதிரும். பனங்கட்டியையே சீனிக்குப் பதிலாக இட்டால் மரத்தின் மணமும் விட்டுப் போகாது. இதைச் செய்து பார்க்கவேண்டியவர்கள் பனை ஆராய்ச்சியாளர்கள். வாசகர்கள் வீட்டிலே பானை வைக்கப் புறப்படுதல் வேண்டா. 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கின்றது. அதற்கு வழைச்சு நீங்கி வெகுகாலம்.

மாணாக்கருக்குச் சொல் கொடுக்கவேண்டும் அன்றோ? நொதித்தல், நொதியம், மதுவம் என்பன எம் காலத்துக் கலைச்சொல்லாக்கக்காரர் தந்த நல்ல சொற்கள். மது என்பதிலிருந்து மதுவத்தைப் பெற்றவர் யாராயினும் அவரைப் பாராட்டலாம். அவ்வரிசையிலே, பசித்திருக்கும் மதுவத்துக்கு இறுதியாக ஒரு கவளம் கொடுத்து வாயை அடைப்பதனால், அச்சீனியை ‘ஊட்டுச் சீனி’ என்றும், அச்செயலை ‘ஊட்டல்’ என்றும் சொல்லும்படி எழுதினேன். போத்தலுக்குள் முதிர்தலுக்குப் புதுச்சொல் வேண்டியதில்லை. வழைச்சறுதல் என்றே வழங்கலாம் என்றும் சேர்த்தேன். ஊட்டல் பிடித்திருக்கின்றது என்று பதில் வந்தது. வழைச்சு என்பதைத் தம் பிள்ளைகளால் உச்சரிக்க முடியவில்லையாம். ழகரம் வரும்வரைக்கும் போத்தல்கள் காத்திருக்கட்டும் என்று எழுதியிருந்தார்.